மாவீரர் மிச்சம் பிடிக்கிறார்

‘தி விட்சர் 3’ விளையாட்டைத் தொடங்கும்போதே எந்த அளவுக்கு உதை வாங்கத் தயார் என்று கேட்டுவிடுவார்கள். நான்கு நிலைகள். முதலாவது, கதை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு. இரண்டாவது, கதையோடு கொஞ்சம் வாள்வீச்சும் வேண்டும் என்கிறவர்களுக்கு. மூன்றாவதன் பெயரிலேயே ரத்தமும் முறிந்த எலும்பும் வந்துவிடும். நான்காவது ‘டெத் மார்ச்’. 2015இல் இதை வெளியிட்ட போலந்துக்காரர்கள் யாரையும் ஏமாற்றவில்லை; வாசலிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள்.

நான் எப்போதும் நான்காவதைத்தான் அழுத்துவேன். பகலெல்லாம் கடன் விண்ணப்பங்களுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு, ராத்திரி சீரியல்கள் ஓய்ந்து டிவி காலியானதும் கண்ட்ரோலரோடு சோபாவில் உட்காரும் நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இது தேவையா என்று என் கணவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். அவருக்கு நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். சுலபமான நிலையில் ஆடினால் வீரன் கிடைப்பான். கடினமான நிலையில் ஆடினால் குடும்பஸ்தன் கிடைப்பான். எனக்கு வீரர்களோடு பழக்கமில்லை.

விட்சரின் நாயகன் ஜெரால்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நரைத்த தலை, பூனைக்கண், முதுகில் இரண்டு வாள். மனிதர்களுக்கு எஃகு, பூதங்களுக்கு வெள்ளி. பேய் பிசாசுகளைக் கூலிக்குக் கொல்வது தொழில். முதலிரண்டு நிலைகளில் இவர் எவ்வளவு அடி வாங்கினாலும் ஓரமாக மண்டியிட்டுத் தியானம் செய்தால் போதும். ரத்தம் ஊறி, புது மாப்பிள்ளைபோல் எழுந்து நிற்பார். டெத் மார்ச்சில் தியானம் செய்தால் பொழுது போகும், அவ்வளவுதான். காயம் காயமாகவே இருக்கும். உடம்பு தேற வேண்டுமானால் எதையாவது தின்ன வேண்டும். தின்பதற்கு முதலில் அது கிடைக்க வேண்டும்.

ஆகவே கண்டம் முழுக்கப் பெயர்பெற்ற இந்த அசுரசம்ஹாரி, வொயிட் ஆர்ச்சர்ட் என்னும் குக்கிராமத்தில் வீடு வீடாக நுழைந்து பீப்பாய், மூட்டை, அலமாரி எல்லாவற்றையும் துழாவுவார். ஒரு ஆப்பிள், அரை ரொட்டி, ஒரு பச்சை மாமிசத் துண்டு. வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். பாவம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காவல் வீரன் கண்ணில் பட்டால்தான் தகராறு.

“ஏம்மா, இவன் வந்த வேலையைப் பாக்காம எதுக்கு அடுத்த வீட்டு அடுக்களையெல்லாம் நோண்டிட்டிருக்கான்?” என்றார் அத்தை. அத்தை என்பது என் மாமியார். சீரியல் முடிந்தாலும் அவருக்கு உடனே தூக்கம் வராது.

“பசி அத்தை. சாப்பிட்டாத்தான் தெம்பு வரும்.”

“சம்பாதிக்கிறான்ல? வாங்கித் திங்கறது?”

சம்பாதிக்கத்தான் செய்கிறார். ஆனால் பணம் வாள் பழுதுபார்க்கவே சரியாகிவிடுகிறது. கூலி பேசும்போது நாலு காசு கூட்டிக் கேட்கலாம். ரொம்ப இழுத்தால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ‘ஸ்வாலோ’ என்று ஒரு மருந்து உண்டு, குடித்தால் ரத்தம் மெல்ல ஏறும். அதை ஒருமுறை காய்ச்சிவிட்டால் போதும். பிறகு குப்பி காலியாகும்போதெல்லாம் பையில் கடுமையான சாராயம் ஒரு புட்டி வைத்துக்கொண்டு தியானத்தில் உட்கார்ந்தால் எல்லாக் குப்பிகளும் தாமாக நிரம்பிவிடும். இதை அத்தைக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எங்க சின்ன தாத்தாவும் மருந்துக்குன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சார்” என்றார்.

அந்த ஊரில் ஜெரால்ட்டின் பெரிய வேலை கிரிஃபின் ஒன்றைக் கொல்வது. கழுகுத் தலை, சிங்க உடம்பு, வீட்டுக்கூரை அகலத்துக்குச் சிறகு. அதற்குப் பயந்து ஆறு வீடு தள்ளி நின்று எண்ணெய் காய்ச்சி, வெடிகுண்டு சேர்த்து, வாளுக்குச் சாணை பிடித்து, இரண்டு ராத்திரி ஏற்பாடு செய்வேன். கிரிஃபின் செத்துவிடும். திரும்பி வருகிற வழியில் தெருநாய்கள் ஜெரால்ட்டைக் கடித்துக் கொன்றுவிடும். நாய்கள் தனியாக வருவதில்லை. முன்னால் நிற்கிற நாயை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நிற்பது வேலையை முடிக்கும். நாய்க்கும் தப்பினால் பள்ளம் இருக்கிறது. பேய்களைத் துரத்துவதற்காகவே உடம்பில் ரசாயனம் ஏற்றி வளர்க்கப்பட்ட இந்த மனிதர், நம் வீட்டு மொட்டைமாடியை விடக் கொஞ்சம் அதிக உயரத்திலிருந்து குதித்தால் அதோடு சரி. ஊரார் எதைச் சொல்லி அழுவார்கள் என்று தெரியவில்லை.

என் மகன் முதல் நிலையில் ஆடினான். பேய்களைத் தட்டிவிட்டுக்கொண்டே குதிரையில் போனான். மழைக்காலம் முடிவதற்குள் கதையை முடித்து, ஜெரால்ட் வளர்த்த பெண் சிரி கடைசியில் என்ன ஆனாள் என்பதுவரை பார்த்துவிட்டான். நான் இன்னும் அதே கிராமத்தில் அதே கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்; கிணற்றில் ஒரு பெண்பேய், உச்சிவேளையில் மட்டும் வரும். “ம்மா, நான் சொல்லட்டுமா முடிவு?” என்பான். சொன்னால் சோறு கிடையாது என்பேன். ஆனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடின நிலையில் ஆடுபவர்களில் ஒரு சாரார் சுலப நிலைக்காரர்களைத் தீட்டுப்போல் பார்ப்பதுண்டு. இவர்களுக்கு ஜப்பானிலிருந்து 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ ஒரு திருத்தலம். அதில் நிலையைத் தேர்ந்தெடுக்கிற பேச்சே கிடையாது. எல்லாருக்கும் ஒரே உதை. தொடக்கக் குகையை விட்டு வெளியே வந்து, இயற்கைக் காட்சி எவ்வளவு அழகு என்று நினைத்து முடிப்பதற்குள் தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் வந்து நசுக்கிவிடுவான். அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம். போகலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது நல்ல விளையாட்டுதான். அதை முடித்ததை ஒரு கல்வித் தகுதியாகச் சொல்லிக்கொள்கிறவர்களோடு மட்டும் பஸ்ஸில் பக்கத்து சீட் கிடைக்காமல் இருந்தால் நல்லது.

கடினம் என்றாலே உயர்ந்தது என்றும் இல்லை. சோம்பேறித்தனமான கடினமும் இருக்கிறது. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’முக்கு 2013இல் ‘லெஜண்டரி’ என்று ஒரு நிலையைச் சேர்த்தார்கள். இரண்டே கணக்கு. நாம் அடிக்கும் அடி கால்வாசியாகிவிடும். நாம் வாங்கும் அடி மூன்று மடங்காகிவிடும். எதிரிக்குப் புது யோசனை எதுவும் வராது; முன்போலவே கத்திக்கொண்டு நேரே ஓடிவருவான், ஆனால் இப்போது சாக மாட்டான். அரையில் கிழிந்த தோலைச் சுற்றிக்கொண்டு மலைப்பாதையில் நிற்கும் ஒரு வழிப்பறிக்காரன், தலையில் அம்புகள் செருகியபடியே வந்து, டிராகன்களின் ஆவியையே உறிஞ்சும் என் நாயகனை ஒரு துருப்பிடித்த கோடாலியால் சாய்த்துவிடுவான். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு அவன் ஏன் வழிப்பறி செய்கிறான்? ராஜ்ஜியத்தையே பிடித்திருக்கலாமே.

இருந்தாலும் ஸ்கைரிமை அத்தை பாராட்டினார். காரணம், காய்கறி சூப். முட்டைக்கோஸ் ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று, தக்காளி ஒன்று, லீக் என்கிற வெங்காயத்தண்டு ஒன்று. இவ்வளவையும் சட்டியில் போட்டுக் காய்ச்சிக் குடித்தால் 720 விநாடிகளுக்கு உடல்வலு சொட்டுச் சொட்டாக ஊறிக்கொண்டே இருக்கும். வலு துளி இருந்தாலும் ஓங்கி அடிக்கலாம் என்பது அந்த விளையாட்டின் விதி. ஆகவே சூப் குடித்தவன் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஓயாமல் ஓங்கி ஓங்கி அடிக்கலாம். மந்திரவாள், எலும்புக்கவசம், தெய்வ வரம் எதுவும் கிட்டே வர முடியாது. லெஜண்டரியில் சண்டைக்குப் போகுமுன் என் மாவீரர் தோட்டம் தோட்டமாகப் போய் முட்டைக்கோஸ் பறித்துக்கொண்டிருப்பார். சண்டை நடுவே பையைத் திறந்தால் உலகம் அப்படியே நின்றுவிடும் என்பது இன்னொரு வசதி. டிராகன் வாயிலிருந்து வந்த நெருப்பு மூக்குக்கு ஒரு முழம் தள்ளி அந்தரத்தில் நிற்க, இவர் நிதானமாக ஆப்பிள்கள், ரொட்டிகள், முழு வட்டப் பாலாடைக்கட்டிகள் என்று ஒரு பந்தியே முடித்துவிட்டுப் பிறகு எரிவார்.

“சைவச் சாப்பாட்டுக்கு இருக்கற சக்தி வேற எதுக்கும் கிடையாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார் அத்தை. மகன் பக்கம் பார்த்துத்தான் சொன்னார். அவன் பிரியாணி ஆர்டர் செய்துகொண்டிருந்தான்.

இந்த மிச்சம்பிடிக்கும் புத்தி ஒரு எல்லைக்குமேல் வியாதியாகிவிடும். உயர்ந்த மருந்து ஒன்று கிடைத்தால் உடனே குடிக்க மனசு வராது. இதைவிடப் பெரிய ஆபத்து வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்துவேன். அந்தப் பெரிய ஆபத்து வரும்போது இதைவிடப் பெரியது ஒன்று பின்னால் நிற்குமே என்று தோன்றும். கடைசியில் உலகத்தை அழிக்க வந்த மூலப்பகைவனே நேரில் வந்து நின்றாலும், கை ஒரு சின்ன மருந்தைத்தான் எடுக்கும். கதை முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது பை நிறைய அமுதம் சீல் உடைக்காமல் இருக்கும். எங்கள் வீட்டு ஷோகேஸில் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பழைய காலத்தில் இதற்கெல்லாம் அவகாசமே இருக்காது. 1998இல் வந்த முதல் ‘பால்டர்ஸ் கேட்’டில் மந்திரவாதியாகத் தொடங்கினால் உயிர்ப் புள்ளிகள் நான்கைத் தாண்டினாலே அதிர்ஷ்டம். 1974இல் அமெரிக்காவில் காகிதத்திலும் பகடையிலும் பிறந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியில் வந்த கணக்கு அது. நான்கு புள்ளி என்பது ஓர் ஓநாயின் ஒரு கடி. வளர்ப்புத் தந்தையைப் பறிகொடுத்து, நடந்து நடந்து, அப்பாடா என்று ஒரு சத்திரத்தின் படியேறினால், ‘உங்கள் பெயர் இன்னதுதானே’ என்று மரியாதையாக விசாரித்துவிட்டு ஒருவன் மந்திரம் போட்டுக் கொன்றுவிடுவான். சத்திரத்தில் அறை விசாரிக்கவே தைரியம் வராத தலைமுறை ஒன்று அப்படித்தான் உருவாயிற்று.

அதே பெயரில் பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’க்கு வருகிறேன். இங்கேதான் எனக்குத் தூக்கம் கெட்டது. அந்த வருஷம் நவம்பர் கடைசியில் அதில் ‘ஹானர் மோட்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சேவ் ஒன்றே ஒன்று. செய்ததைத் திரும்பச் செய்ய முடியாது. சொன்ன சொல்லை அள்ள முடியாது. நால்வர் கொண்ட நம் கூட்டம் ஒட்டுமொத்தமாகச் செத்தால் அதோடு கௌரவம் போயிற்று. வேண்டுமானால் கௌரவமில்லாமல் தொடரலாம் என்று விளையாட்டே பெருந்தன்மையாகக் கேட்கும். பெரிய எதிரிகளுக்கு நம்முடைய முறையிலும் புகுந்து அடிக்கும் தனி வித்தைகள் உண்டு. ராத்திரி கூடாரம் போட்டு நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் மந்திரங்கள் திரும்பும். அந்தத் தூக்கத்துக்குச் சாதாரண நிலையில் 40 அலகு உணவு, இங்கே 80. கடைக்காரர்களும் விலையை ஏற்றிவைத்திருப்பார்கள். இதுதான் எனக்குப் பிடித்த கடினம். எதிரியை வெறுமனே ஊதிப் பெருக்காமல், நம் கையிலிருக்கும் ரப்பரைப் பிடுங்கிக்கொள்கிறது. சிலர் சேவ் ஆவதற்குள் விளையாட்டைப் படக்கென்று மூடிவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுண்டு. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் அந்தச் சாக்குகூட இல்லை.

கடைசிவரை தாக்குப்பிடித்தால் பரிசாக ஒரு தங்கப் பகடை.

“எத்தனை பவுன்?” என்றார் அத்தை.

“டிவில தெரியறதுதான் அத்தை. பகடை கலர் மட்டும் மாறும்.”

அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

என் ஆள் ஒரு பாணன். பாட்டுப் பாடி, பேசிப் பேசியே காரியம் சாதிப்பவன். உதைபடுவதைத் தள்ளிப்போட அதைவிட நல்ல தொழில் இல்லை. கப்பல் நொறுங்கிக் கடற்கரையில் விழுந்ததும் கால் முளைத்த மூளைகள் மூன்று துரத்திவந்து கடிக்கும்; அதிலேயே ஹானர் மோட் முடிந்துபோனவர்கள் ஏராளம். அதைத் தாண்டி, அகதிகள் தங்கியிருக்கும் தோப்புக்கு வந்தால் அங்கே எத்தல் அத்தை. ஆமாம், அவளையும் எல்லாரும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிழவி, கை மருந்து விற்பாள், கண்ணே மணியே என்பாள். என் அத்தைக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இந்தக் கதையிலேயே உருப்படியான மனுஷி இவள்தான் என்றார்.

அவள் வீடு ஓர் அழகான புல்வெளி நடுவில் இருக்கும். ஆடுகள் மேயும். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் புல்வெளி சேற்றுக்காடாகிவிடும், ஆடுகள் சிவப்புத் தொப்பி போட்ட குட்டிப் பிசாசுகளாகிவிடும். எத்தல் ஒரு சூனியக்காரி. மேரினா என்று ஒரு கர்ப்பிணி. செத்துப்போன புருஷனை எழுப்பித் தருகிறேன், பதிலுக்குப் பிள்ளையைக் கொடு என்று அவளிடம் பேரம் பேசி, தரைக்கடியில் கூண்டில் தொங்கவிட்டிருக்கிறாள்.

“வயித்துப் பிள்ளைக்காரியையா!” அத்தை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடி அவளை.”

அடிப்பது அவ்வளவு லேசில்லை. எத்தல் தன்னைப் பலவாக்கிக்கொள்வாள். எது நிஜம், எது நிழல் என்று தெரியாது. மேரினாவின் உருவத்தையே எடுத்துக்கொண்டும் நிற்பாள். கூண்டு தீப்பிடிக்கும். என் கூட்டத்தில் இரண்டு பேர் தரையில். மருந்து இருந்தது, வழக்கம்போல் எடுக்கவில்லை. எத்தலுக்கு உயிர் ஓர் இழையில் தொங்கும்போது அவள் கையெடுத்து நிறுத்தினாள். பேசலாம் என்றாள். பெண்ணை என்னிடமே விட்டுவிட்டுப் போ. என் தலைமுடி ஒரு கற்றை தருகிறேன், அதைத் தின்றால் உன் திறமை ஏதாவது ஒன்று ஆயுளுக்கும் ஒரு புள்ளி கூடும்.

ஒரு புள்ளி. என் பாணனுக்கு வசீகரம் 17. இந்த விளையாட்டில் ஒற்றைப்படைக்கு மதிப்பில்லை. 18 ஆனால்தான் அடுத்த படி. நான் நேர்மையானவள்தான். இருந்தாலும் 17 என்ற எண் கண்முன் நின்றது. சுலப நிலையில் இந்தக் கேள்வியே எழாது. கிழவியைக் கொன்றுவிட்டுப் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம், வீரன் அல்லவா.

“என்ன கேக்கறா?”

சொன்னேன்.

“முடியையும் வாங்கு. பொண்ணையும் விடச் சொல்லு.”

“ரெண்டும் எப்படி அத்தை கேக்கறது?”

“உயிரு யாருக்குப் போகுது, உனக்கா அவளுக்கா? கேளு. குறைச்சுக் கேட்டா நம்ம மூஞ்சிலதான் எழுதி ஒட்டியிருக்கும்.”

திரையில் நாலாவது வரியில் அதே யோசனை இருந்தது. பெல்ஜியத்தில் உட்கார்ந்து இதை எழுதியவருக்கும் பாத்திரக்காரனிடம் பேரம் பேசிய அத்தை ஒருவர் இருந்திருக்க வேண்டும். மிரட்டலுக்கு இருபது முகப் பகடை. ஒன்று விழுந்தால் எவ்வளவு திறமை இருந்தாலும் தோல்வி. உருட்டினேன். நாலு. சேர்த்து வைத்திருந்த உத்வேகப் புள்ளி ஒன்றைச் செலவழித்து மறுபடி உருட்டினேன். வாழ்க்கையில் நான் செலவழித்த முதல் சேமிப்பு அதுதான். பதினேழு. எத்தல் பல்லைக் கடித்துக்கொண்டு முடியைக் கொடுத்தாள், பெண்ணையும் விட்டாள், மறைந்துபோனாள். மேரினா நன்றி சொல்வாள் என்று அத்தை காத்திருந்தார். அவள் எங்களைத் திட்டினாள். புருஷனை எழுப்ப இருந்த ஒரே வழியைக் கெடுத்துவிட்டோமாம்.

“நல்லதுக்கே காலமில்ல” என்றார் அத்தை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் எந்தப் பட்டுப்புடவைக் கடையிலும் பார்த்ததில்லை. மறுநாள் தங்கையிடம் போனில் அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார், யாரோ தூரத்துச் சொந்தத்தில் நடந்த பஞ்சாயத்தைச் சொல்வதுபோல. அந்தப்பக்கம் சித்தி, கர்ப்பிணிக்கு என்ன மாதம் என்று விசாரித்தார்களாம்.

அந்த வாரமே எங்கள் கூட்டம் முடிந்துபோனது. பூமிக்கடியில் பழைய உலைக்களம் ஒன்று; அங்கே கிரிம் என்ற உலோகப் பூதம். சாதாரணமாக அடித்தால் அதற்கு உறைக்காது. உருகிய குழம்பில் இறக்கிச் சூடேற்றி, ராட்சதச் சுத்தியலுக்கு நேராக நிற்கவைத்து, நெம்புகோலை இழுக்க வேண்டும். யார் கடைசியாக அடித்தாரோ அவரை நோக்கி அது நடக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். அதற்கும் தெரிந்திருந்தது. நால்வரும் போனார்கள். வசீகரம் 18 உள்ள பாணனும் போனான். பையில் இருந்த உயர்ந்த மருந்துகளும் சீல் உடையாமல் போயின. அத்தை அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிட்டார்.

இப்போது காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்கிறார்: “ஏம்மா, அந்தக் கிழவிகிட்ட முடி வாங்கினோமே, உபயோகமா இருக்கா?”

“நல்லா இருக்கு அத்தை.”

“பத்திரமா வெச்சுக்கோ. எல்லாத்தையும் ஒரேயடியா செலவு பண்ணிடாத.”

சரி என்று தலையாட்டிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறேன். ராத்திரி அவர் தூங்கினபிறகு புதிதாகத் தொடங்கிய ஆட்டத்தில் தோப்புவரை வந்துவிட்டேன். எத்தல் வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. பேரம் பேச ஆள் விழித்திருக்க வேண்டும்.